‘உரியவர்களுக்கு’ என்றால் யாருக்கு? ரகசியக்காப்பின் எல்லை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் பெண்ணின் அனுமதியோடு எழுதுகிறேன். அவர் ஊர், படிப்பு, குடும்பம் பற்றிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எந்த விதமாகக் காயப்படுத்திக்கொண்டார் என்பது எங்கும் வராது. வாசிப்பவர்களில் அதே தவிப்பில் இருப்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு அந்த விவரத்தால் நன்மை எதுவும் இல்லை.

பின்னணி

2023 ஜூலையில் உளவியல் ஆலோசனைக்காக என்னிடம் வந்தபோது அவருக்கு வயது 22. எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, மதுரையில் ஹாஸ்டல் வாசம். தூக்கம் வரவில்லை, படித்தது தங்கவில்லை, தட்டில் உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன குறை. வீட்டில் அப்பா, அம்மா. கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கும் அக்கா. கட்டணத்தை டியூஷன் எடுத்த காசிலிருந்து அவரே கொடுத்தார். ரசீதில் ‘உளவியல்’ என்ற சொல் வராமல் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். என் பெயரையும் தொகையையும் மட்டும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கேள்வியிலேயே பாதி விஷயம் இருந்தது. நான் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் படிவத்தில் ‘உங்களை நீங்களே காயப்படுத்திக்கொண்டதுண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் செய்திருந்தார். அதே படிவத்தின் அடியில் ஒரு வாக்கியம்: ‘இங்கே பேசப்படுபவை ரகசியமாக வைக்கப்படும், தங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்று கருதினால் உரியவர்களுக்குத் தெரிவிக்கப்படும்.’ நான் பயிற்சி எடுத்த இடத்துப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்ட வாக்கியம் அது. எத்தனையோ பேர் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

எனக்கு அப்போது தெரியாத இன்னொன்றும் உண்டு. இளங்கலை படித்த கல்லூரியில், இரண்டு வருடம் முன்னால், அவர் கவுன்சலரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே வார்டன் கூப்பிட்டார். மற்ற பெண்கள் வாசலில் நின்று பார்க்க, அறையைச் சோதனை போட்டார்கள். ‘இது போலீஸ் கேஸ் ஆயிடும், தெரியுமா?’ என்று கேட்டிருக்கிறார் வார்டன். மறுநாள் அப்பா வந்தார். திட்டவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். சொன்னால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பெண் கற்றுக்கொண்டது அந்தப் பஸ்ஸில்தான்.

முதல் நான்கு மாதங்கள்

தூக்கத்திலிருந்து ஆரம்பித்தோம். படுக்கும் நேரம், எழும் நேரம், படுக்கையில் போனைத் தொடாமல் இருப்பது என்று வழக்கமான வேலைகள். ஓரளவு பலன் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தைக் கொடுப்பேன். ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண், கூடக்கூடச் சோர்வு அதிகம். அவருடையது 14-க்கும் 17-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது கேள்வி மட்டும் எப்போதும் பூஜ்யம். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கும் கேள்வி அது.

மற்ற எட்டும் அலைபாயும்போது ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அங்கே விரல் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியின் அமைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சாக நினைப்பதையும் காயப்படுத்திக்கொள்வதையும் ஒரே வரியில் கட்டிப்போட்டு, எத்தனை நாள் என்று கேட்கிறது. இரண்டாவதைச் செய்துகொண்டு முதலாவதை நினைக்காதவர் எதை வட்டமிடுவார்? ‘அதுல போட்டா நீங்க செத்துப்போவேன்னு நினைச்சுப்பீங்க. அதான் போடல’ என்று பின்னால் சொன்னார்.

இரண்டு முறை, காலையில் வர வேண்டிய நாளில் கடைசி நேரத்தில் வரவில்லை என்று செய்தி அனுப்பினார். இரண்டுமே வீட்டிலிருந்து போன் வந்த மறுநாள். அதையும் பிறகுதான் கோத்துப் பார்த்தேன்.

சொன்ன நாள்

நவம்பர் முதல் வாரம். நேரம் முடிய பத்து நிமிஷம் இருந்தது. ‘ஒரு பிரெண்டுக்காகக் கேக்கறேன் மேம்’ என்று ஆரம்பித்தார். ‘அவ தன்னையே காயப்படுத்திக்கறா. கவுன்சலர்கிட்ட சொன்னா வீட்டுக்குச் சொல்லிடுவீங்களா?’

அந்தப் பிரெண்ட் யார் என்பது புரியாமல் இல்லை. ‘அது நீங்கதானே?’ என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் ‘இல்லை’ என்று சொல்லியிருப்பார். கதவு அங்கேயே சாத்தியிருக்கும். ஆகவே பிரெண்டுக்கே பதில் சொன்னேன். அவருக்கு 18 வயது முடிந்திருந்தால், உயிருக்கு ஆபத்து என்கிற நிலை இல்லாதவரை, அவர் சம்மதம் இல்லாமல் வீட்டுக்கும் சொல்ல மாட்டேன், கல்லூரிக்கும் சொல்ல மாட்டேன். காயப்படுத்திக்கொள்வது மட்டுமே அந்த எல்லை ஆகாது. சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு திட்டமாகி, அன்றைக்கு அவரால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாது என்ற இடம் வந்தால்தான் இன்னொருவரைக் கூப்பிடுவேன். அப்போதும் முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

மேஜைமேல் அவருடைய கோப்பு இருந்தது. அவரே திறந்து, படிவத்தின் அடிவரியில் விரலை வைத்தார்.

‘இதுல உரியவர்களுக்குன்னுதானே இருக்கு. யாருன்னு போடலையே மேம்.’

அவர் சொன்னது சரி. அதில் யாரென்று போட்டிருக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, ‘பிரெண்ட் இல்ல. நான்தான்’ என்றார்.

என் கை பேனாவுக்குப் போனதை அவர் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தேன். ‘காட்டுங்க’ என்று கேட்கும் உந்துதலும் வந்தது. அது என் பதற்றம், அவருக்கு அதனால் பயன் இல்லை. ‘இப்ப காயத்துக்கு மருந்து போட வேண்டியிருக்கா? டாக்டர் பார்க்கணுமா?’ என்று மட்டும் கேட்டேன். வேண்டாம், ஆறிவிட்டது என்றார். இத்தனை வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

அடுத்து நேராகக் கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்ததுண்டா? செய்துவிடலாம் என்ற முடிவு வந்ததுண்டா? முன்னால் முயன்றதுண்டா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் நிறைய உண்டு. அது தவறு, கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. மூன்றுக்கு ‘இல்லை’ என்றார். முதல் கேள்விக்கு, ‘இருக்கணும்னும் தோணல, ஆனா சாகணும்னு இல்ல’ என்றார்.

பிறகு எது எதிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்தோம். வீட்டிலிருந்து போன், ஜாதகம் வந்திருக்கிறது என்ற பேச்சு, ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டு வைப்பது, நெஞ்சில் கல் ஏறியது போல் ஒரு இறுக்கம், பிறகு அது. கொஞ்ச நேரம் இறுக்கம் தளர்கிறது, அதற்குப் பின்னால் வெட்கம் வருகிறது. இதைத் தற்கொலை முயற்சி என்று பதறுவதும் பிழை, ‘கவனத்தை ஈர்க்கப் பண்றா’ என்று தள்ளுவதும் பிழை. ஒளித்து ஒளித்துச் செய்கிறவர் யார் கவனத்தை ஈர்க்கிறார்? அதே சமயம், தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆகவே அன்று ‘இல்லை’ என்றதை அன்றைய பதிலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

எடுத்த முடிவும் காரணமும்

வீட்டுக்குச் சொல்லவில்லை. அன்று மாலையே, பெயர் சொல்லாமல், எனக்கு மூத்த உளவியலாளர் ஒருவரிடம் கலந்து பேசினேன். அவரும் அதையே சொன்னார்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (நடைமுறைக்கு வந்தது 2018 மே 29) பிரிவு 23-இல் ரகசியக்காப்பை உரிமையாகவே வைத்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு: சிகிச்சையில் பங்குள்ள மற்ற மருத்துவர்களுக்கு, நியமனப் பிரதிநிதிக்கு (சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணையிருக்க அவரே நியமிக்கும் ஆள்), இன்னொருவருக்கு ஆபத்து என்றால், உயிருக்கு ஆபத்து என்றால், நீதிமன்ற உத்தரவு வந்தால், பொதுப் பாதுகாப்புக்காக. ஆபத்தைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு தகவல்தான் தரலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கோட்டை விடும் இடம் அதுதான். ‘சொல்லலாமா, கூடாதா’ என்று விவாதிப்போம். சொல்ல ஆரம்பித்தால் முழுக்கதையையும் கொட்டிவிடுவோம்.

‘போலீஸ் கேஸ்’ பயத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. அப்போதிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சிக்கானது. சாகும் நோக்கமின்றிக் காயப்படுத்திக்கொள்வதற்கு அது பொருந்தாது. முயற்சியே என்றாலும், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அந்தச் சட்டத்தின் கீழ் தண்டிக்கக் கூடாது என்று மனநலச் சட்டத்தின் பிரிவு 115 சொல்லிவிட்டது. (அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 309 போன்ற பிரிவே இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையிலிருந்து தடுக்கவோ, ஒன்றைச் செய்ய வைக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் பிரிவு 226-இல் இருக்கிறது.) காயத்தோடு அவசரப் பிரிவுக்குப் போனால் விபத்துப் பதிவேட்டில் எழுதி, காவல் நிலையத்துக்குத் தகவல் போவது இன்னமும் வழக்கத்தில் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மறைத்திருந்தால் நானும் இன்னொரு வார்டன்தான்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளைத்தாளில் எல்லையை மறுபடி எழுதினோம். எழுதியது அவர், வாக்கியங்களை இருவரும் சேர்ந்து செதுக்கினோம். என்ன நடந்தால் இந்த அறைக்குள்ளேயே இருக்கும், என்ன நடந்தால் மனநல மருத்துவரிடம் போவோம், என்ன நடந்தால் ஒருவரைக் கூப்பிடுவேன், அந்த ஒருவர் யார். பெயர் எழுதும் இடத்தில் முதலில் ‘அம்மா’ என்று எழுதி அடித்தார். பிறகு அக்காவின் பெயர், எண். அக்காவிடம் நான் பேச வேண்டிய வார்த்தைகளையும் அவரே எழுதினார்: ‘உங்க தங்கச்சி என்கிட்ட பேசிட்டிருக்காங்க. இன்னைக்கு ராத்திரி தனியா இருக்க வேண்டாம்னு நாங்க ரெண்டு பேரும் நினைக்கறோம். வர முடியுமா?’ காயம் என்ற சொல் அதில் இல்லை.

நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டே நியமிக்கலாம் என்கிறது பிரிவு 14. ஆனால் நியமிக்கப்படுகிறவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அக்காவிடம் கேட்க அவர் அப்போது தயாராக இல்லை. எனவே அந்தத் தாளைச் சட்டப்படியான நியமனமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எனக்குக் கொடுத்த சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

‘இனிமேல் பண்ண மாட்டேன்’ என்று சத்தியம் வாங்கவில்லை. அப்படி எழுதி வாங்குவது பாதுகாப்புத் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மறுமுறை நடந்தால் மறைக்க ஒரு காரணம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும். அதற்குப் பதில் அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் வகுத்த பாதுகாப்புத் திட்டத்தை நிரப்பினோம்: இறுக்கம் ஏறுவதன் அடையாளங்கள், தனியாகச் செய்யக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடம் (அவருக்கு ஹாஸ்டல் மொட்டைமாடி அல்ல, மெஸ் வாசல் திண்ணை), கூப்பிடக்கூடிய ஆட்கள், சுற்றிலும் ஆபத்தான பொருளை அப்புறப்படுத்துவது. கீழே உதவி எண்கள்: 24 மணி நேரமும் தமிழிலும் பேசும் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகா 044-24640050.

ஜனவரி, ஒரு வியாழன் இரவு

2024 ஜனவரி. பெண் பார்க்க வரும் நாளைக் குறித்துவிட்டதாக வீட்டிலிருந்து போன். இரவு 9.40-க்கு எனக்கு ஒரு செய்தி: ‘மேம் இது பழைய மாதிரி இல்ல.’

உடனே கூப்பிட்டேன். அதே நான்கு கேள்விகள். நவம்பரில் ‘இல்லை’ என்ற மூன்றில் இரண்டு இப்போது ‘ஆமாம்’. ஒரு வழியும் யோசித்து வைத்திருந்தார், அதற்கானது அறையிலேயே இருந்தது. அறைத்தோழியைக் கூப்பிடச் சொன்னேன், கூப்பிட்டார். தோழி அந்தப் பொருளை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் என்னோடு போனில் இருந்தார்கள்.

‘அந்தத் தாள்ல எழுதின இடத்துக்கு வந்துட்டோம்மா. அக்காகிட்ட நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?’

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு: ‘நீங்களே பேசுங்க. எழுதின மாதிரியே பேசுங்க.’

எழுதின மாதிரியே பேசினேன். அக்கா அடுக்கடுக்காகக் கேட்டார்: என்ன ஆச்சு, ஏதாவது பண்ணிக்கிட்டாளா, லவ் விஷயமா? ‘இப்ப பத்திரமா இருக்காங்க. கூட ஆள் இருக்காங்க. மத்ததை அவங்களே உங்ககிட்ட சொல்லட்டும்’ என்றேன். கோபப்பட்டார். ஆனால் பதினொரு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டார். விடிவதற்குள் மதுரை. அக்கா வருவதாக வார்டனிடம் அந்தப் பெண்ணே சொல்லிக்கொண்டார். காலை பத்து மணிக்கு மூவரும் மனநல மருத்துவரின் அறையில் இருந்தோம். மருந்து ஆரம்பித்தது. அவசரம் என்றால் எங்கே சேர்ப்பது என்றும் பேசி முடித்தபிறகு, பத்து நாள் அக்கா வீட்டில் இருப்பது என்று முடிவாயிற்று.

பிறகு

இரண்டு வாரம் கழித்து, அக்கா பக்கத்தில் இருக்க, அவரே அப்பா அம்மாவிடம் சொன்னார். அதற்கடுத்த வாரம் குடும்பத்தோடு ஓர் அமர்வு. அம்மா என்னைத்தான் பார்த்தார்.

‘ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியும். பெத்தவ எனக்குத் தெரியாது. ஏதாவது ஆகியிருந்தா?’

பிரிவு 23 அதற்குப் பதில் ஆகாது. ‘நான் சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி எனக்கு மெசேஜ் வந்திருக்காதுங்கம்மா’ என்றேன். அவருக்கு அது போதவில்லை. போக வேண்டிய கோபமும் அல்ல அது. அப்பா கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போகும்போது மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். கல்யாணப் பேச்சைப் படிப்பு முடியும்வரை தள்ளிவைத்தார்கள்.

காயப்படுத்திக்கொள்வது அதோடு நின்றுவிடவில்லை. ஜனவரிக்குப் பின் இரண்டு முறை நடந்தது. கடைசியாக மே மாதம். இரண்டையும் அவரே வந்து சொன்னார். ஒன்பதாவது கேள்வியில் பூஜ்யத்துக்குப் பதில் 1, 2 என்று வர ஆரம்பித்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் நிலைமை மோசமாகிறது என்பார். அக்கா எழுத்தில் சம்மதித்து நியமனப் பிரதிநிதி ஆனார். 2024 அக்டோபரில் அமர்வுகளை முடித்துக்கொண்டோம்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

பெரிய பிழை என்னுடையது: மனநல மருத்துவரிடம் நவம்பரிலேயே அனுப்பியிருக்க வேண்டும். நான்கு மாதமாக மதிப்பெண் 14-க்குக் கீழே இறங்காத ஒருவரை, அதுவும் இது தெரிந்தபின், ஏன் தாமதித்தேன்? இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறார், இன்னொருவரிடம் அனுப்பினால் விட்டுவிட்டதாக நினைப்பாரோ என்ற தயக்கம். அவருடைய நம்பிக்கையைக் காக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் இடத்தைக் காத்திருக்கிறேன்.

படிவத்தின் அடிவரி போய்விட்டது. இப்போது முதல் அமர்வில் பத்து நிமிஷம் இதற்கே போகிறது: ‘காயப்படுத்திக்கொள்வதைச் சொன்னால் மட்டும் யாருக்கும் போன் போகாது’ என்பதைச் சொல்லிலேயே சொல்கிறேன். வருபவர் 18 வயதுக்குக் கீழே என்றால் கணக்கு வேறு: அங்கே சட்டப்படியான பாதுகாவலரே பிரதிநிதி. குழந்தைமீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் பிரிவு 19 புகார் செய்வதைக் கட்டாயமாக்குகிறது. அதில் என் விருப்பத்துக்கோ குழந்தையின் விருப்பத்துக்கோ இடமில்லை. இருப்பதிலேயே கறாரான எல்லை அதுதான். பழைய படிவத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காயம், சாவு இரண்டையும் தனித்தனிக் கேள்வியாகவும் பிரித்துவிட்டேன்.

அமர்வுகள் முடியும் தருவாயில் அவர் தன் கோப்பைப் பார்க்க வேண்டும் என்றார். பிரிவு 25 தரும் உரிமை அது, கொடுத்தேன். ஜூலை முதல் அக்டோபர் வரையான என் குறிப்புகளில் நான்கு இடத்தில் ‘தன்னைக் காயப்படுத்திக்கொள்வதை மறுக்கிறார்’ என்று இருந்தது. எங்கள் தொழிலில் புழங்கும் எழுத்து அது. நாலையும் விரல் வைத்து எண்ணிவிட்டுக் கேட்டார்:

‘மறுக்கிறார்னா, பொய் சொல்றான்னு அர்த்தமா மேம்?’

இப்போதெல்லாம் ‘கேட்டேன், இல்லை என்றார்’ என்றுதான் எழுதுகிறேன்.